இருபது இலக்கங்கள்

படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பி முடித்துவிட்டேன்.
வந்தவர்கள் பதினேழு. தங்கியவர்கள் பதினொன்று.
ரொட்டி, பழச்சாறு, மண்டப வாடகை, ரசீதுகள் தனியே.
ஒன்பதாம் கேள்வி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது:
தடுக்கப்பட்ட சம்பவங்கள் எத்தனை?

குத்துப்படாத வயிறுகள் சாட்ஸ்வொர்த் முழுக்கச்
சட்டைக்குள் நடமாடுகின்றன.
அதில் எதை என் கணக்கில் எழுதுவது?

ஆகவே மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன்,
கோயில் பின்கட்டில் சனிக்கிழமைகளில் கற்ற
எழுத்துக் கூட்டும் தமிழில்.
தணிக்கையாளர் படிக்க மாட்டார்.
பையன்களுக்கும் படிக்கத் தெரியாது. நல்லதுதான்.

கையேட்டில் இருந்தது: கோபம் வந்தால் பத்து எண்ணு.
முதல் வெள்ளியே பிரெனோலன் கையைத் தூக்கினான்.
"பத்து எண்ணுறதுக்குள்ள அவன் ரெண்டு தடவை குத்திடுவான், மிஸ்."
மண்டபமே சிரித்தது. நானும்.
கேப் டவுனிலிருந்து வந்த அந்தப் புத்தகத்தை
ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தோம்.

பிறகு மூன்று வெள்ளி ஒரே பேச்சு.
அடிக்கப் பயமில்லை அவர்களுக்கு. அடிபடவும்.
திரும்பி நடக்கத்தான் பயம்.
திரும்பிய முதுகை எங்கள் தெரு மறப்பதில்லை.

லுவாண்ட்லேதான் வழி கண்டுபிடித்தான்.
மாதக் கடைசியில் அவன் வீட்டு
கரண்டு மீட்டர் சிவப்பாய்ச் சிமிட்டும்.
அதற்காக எதையும் பாதியில் விட்டு ஓடலாம்,
பந்தை, காதலியை, சண்டையை.
ஒருவனும் கேலி செய்ய மாட்டான்.
ஆக, விதி இது:
ஒருவன் சிக்கிக்கொண்டால் இன்னொருவன் போன் போடவேண்டும்.
"வீட்ல கரண்டு தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வா."

ஆகஸ்ட் இரண்டாம் வாரம்
யூகனுக்கு யாரும் போன் போடவில்லை.
மூன்று பேரிடமும் ஏர்டைம் இல்லை.
எட்டாம் கேள்வியில் இருக்கிறான் அவன்: ஒன்று.
அந்தக் கட்டத்தில் அதற்குமேல் இடம் விடவில்லை.
பிஸ்கட்டுக்கு வைத்த காசை அடித்து
ஏர்டைம் என்று எழுதினேன்.

செப்டம்பர் கடைசி வெள்ளி. பாட்டில் ஸ்டோருக்குப் பின்னால்
பிரெனோலன், காலுறைக்குள் கத்தி.
எதிரே, யூகனைக் குத்தியவனின் தம்பி.
போன் அடித்திருக்கிறது.
எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டானாம்.
கரண்டு தீர்ந்துபோச்சுடா.
எதிரே நின்றவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
"போ, போய் வாங்கு" என்றானாம்.
அவன் வீட்டிலும் அதே மீட்டர்.

அதோடு விட்டிருக்கலாம். பிரெனோலன் விடவில்லை.
பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும் என்பதுபோல
பெட்ரோல் பங்க் வரை நடந்து
இருபது ராண்டுக்கு வாங்கி
வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி முன் நின்று
நான்கு நான்காய் அழுத்தியிருக்கிறான்.
விரல் நடுங்கி இரண்டு முறை தப்பு.
இரண்டு முறையும் முதலிலிருந்து.
மீட்டரில் ஏற்கெனவே அறுபத்தொரு யூனிட் இருந்தது.
அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம், காய்ச்சலா என்று.

பத்து எண்ணச் சொன்னது கையேடு.
இருபது எண்ணினான், மூன்று தடவை.

சீட்டை என்னிடம்தான் நீட்டினான்,
வியர்வையில் மை பாதி கரைந்திருந்தது.
"ரசீது எங்கேன்னு கேப்பீங்களே, மிஸ்."
கத்தி எங்கே என்று நான் கேட்கவில்லை.
இன்னும் காலுறையில் இருக்கலாம்.

ஒன்பதாம் கேள்விக்கு நேரே அதைப் பின் அடித்திருக்கிறேன்.
என்ன நினைப்பார்களோ.
டிசம்பரோடு நிதி முடிகிறது.

பூட்டப் போனபோது பலகையைப் பார்த்தேன்.
இந்த வாரம் யார் யாருக்குப் போன் போடுவது என்ற பட்டியல்.
யூகனின் பெயரை யாரும் அழிக்கவில்லை.
அதற்குக் கீழே, எழுத்துப் பிழையோடு, என் பெயர்.
நேரே, பிரெனோலன்.